ஹார்மோன் ஊசிக்குப் பிறகான வாழ்க்கை

"எலும்புக்குப் பரவிவிட்டது" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோர் மனத்திலும் எழுவது ஒரே கேள்விதான். இன்னும் எவ்வளவு நாள்? எங்கள் வீட்டிலும் அதுதான் எழுந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வந்த புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோயைப் பொறுத்தவரை அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தச் சிகிச்சை என்னை என்ன செய்யப்போகிறது? ஏனென்றால் இந்த நோய் பரவிய பிறகும் பலர் பல வருஷம் வாழ்கிறார்கள். அந்த வருஷங்களை வாழ்வது பழைய உடம்போடு அல்ல. அந்தப் புது உடம்பைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு முதுகுவலியில்தான் ஆரம்பித்தது. படுத்தாலும் குறையாமல் ராத்திரியில் இன்னும் கூடுகிற வலி. ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி, அப்புறம் எலும்பு ஸ்கேன். பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு, நூறுகளில் இருந்தது. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் விலா எலும்புகளிலும் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். "அப்படியானால் எலும்பிலும் புற்றுநோயா?" என்று மனைவி கேட்டாள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பில் இருப்பதும் புராஸ்டேட் புற்றுநோய்தான். புராஸ்டேட்டிலிருந்து கிளம்பிய செல்கள் எலும்பில் போய்த் தங்கியிருக்கின்றன. அதனால் மருந்தும் புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்துதான். இந்த ஒரு விளக்கம் எங்களுக்குப் பெரிய தெளிவைக் கொடுத்தது.

புராஸ்டேட் செல்கள் வளர்வது பெரும்பாலும் விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம்பி. உடம்பில் வேறு இடத்துக்குப் போன பிறகும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941-ல் காட்டியது இதைத்தான். விரைகளை அகற்றினால் பரவிய நோய்கூடச் சுருங்குகிறது, வலி குறைகிறது. ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ புது மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் பரவிய நோய்க்கான சிகிச்சையின் அஸ்திவாரம் இன்றைக்கும் அவர் கண்டுபிடித்ததுதான்.

இன்று டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று அறுவை சிகிச்சை. சின்ன ஆபரேஷன், ஒரே தடவையோடு முடிந்துவிடும், சில மணி நேரத்திலேயே டெஸ்டோஸ்டிரோன் விழ ஆரம்பித்துவிடும். இன்னொன்று ஊசி. விரைகளுக்கு உத்தரவு போவது மூளையிலிருந்து. அந்த உத்தரவைக் கிளப்பிவிடும் ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஷாலி, அவருக்கு 1977-ல் நோபல். அந்த ஹார்மோனைப் போலவே செய்யப்பட்ட மருந்துதான் லூப்ரோலைடு போன்ற ஊசிகள். யாராவது விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் ஒரு கட்டத்தில் காதில் வாங்குவதை நிறுத்திவிடுவாரே, அது மாதிரிதான் இந்த ஊசி வேலை செய்கிறது. அதனால் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் கூடும், அதன் பிறகுதான் விழும். அந்தச் சில நாள் ஏற்றத்தில் வலி கூடலாம், முதுகெலும்பில் நோய் இருந்தால் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்க பைக்காலூட்டமைடு மாத்திரையை முன்கூட்டியே கொடுப்பார்கள். டெகாரெலிக்ஸ் ஊசியிலும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையிலும் இந்த ஏற்றம் கிடையாது.

நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். அறுவை சிகிச்சையை மனது ஏற்கவில்லை, அவ்வளவுதான். பலனில் இரண்டும் சமம். திரும்பத் திரும்ப ஊசிக்கு அலைய முடியாது என்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நிம்மதியாக இருக்கிறார்கள். இதில் யாரும் யாரையும் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை.

ஊசி போட்டார்கள், அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு உடம்பில் என்ன நடக்கும் என்று அங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அதில் ஆதங்கம் உண்டு.

சில வாரங்களிலேயே ஆரம்பித்தது. நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறும். சட்டை நனையும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அது இறங்கி, வியர்வை காய்ந்து, குளிர் எடுக்கும். பகலில் சமாளிக்கலாம், ராத்திரியில்தான் கஷ்டம். போர்வையை உதறுவது, மறுபடி இழுத்துப் போர்த்துவது என்று தூக்கம் துண்டு துண்டாகப் போனது. இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோனேன். ஒரு ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மனைவி விளக்கைப் போட்டாள். என் நெற்றியைத் தொட்டாள், பனியனைத் தொட்டாள்.

"என்னங்க, இது எனக்கு மாதவிடாய் நின்னப்ப வந்ததுதாங்க. அப்படியே அதேதான்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவளுக்கு ஒரு ஹார்மோன் குறைந்ததால் வந்தது, எனக்கு வேறொரு ஹார்மோன் குறைந்ததால் வந்திருக்கிறது. அதற்கப்புறம் அவள்தான் எனக்கு வழிகாட்டி. கெட்டியான ஒரு போர்வைக்குப் பதில் மெல்லிய இரண்டு. படுக்கையருகே மாற்றுப் பனியனும் ஈரத் துணியும். எந்தெந்த நேரத்தில் வருகிறது, அதற்கு முன்னால் சூடாக எதையாவது குடித்தேனா என்று குறித்துவைப்பது. அவளுக்கு அது வந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன், அது என்னவென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. தாங்க முடியாத அளவுக்குப் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள், இதைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன. இதற்கெல்லாமா மருந்து கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது சோர்வு. வேலை செய்து களைத்தால் தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். இது தூங்கி எழும்போதே கூட இருக்கும். தசை கரையும், இடுப்பைச் சுற்றிச் சதை போடும். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஏறப் பார்க்கும், இதயத்துக்கும் கவனம் தேவை. எங்கள் பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். முதல் தடவை எழுந்தேன். இரண்டாம் தடவை தொடை நடுங்கியது. மூன்றாம் தடவை என் கை தானாகவே நாற்காலியின் கைப்பிடிக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் நடை, வாரத்தில் சில நாள் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு நல்ல பலன் இருக்கிறது என்று ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. சோர்வாக இருக்கும்போது உடற்பயிற்சி செய் என்று சொன்னால் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அது உண்மை. ஒன்று மட்டும் முக்கியம், எந்த எலும்பில் நோய் இருக்கிறது என்று தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பலவீனமான எலும்பின்மேல் பாரம் ஏற்றக் கூடாது.

இனி, யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். தாம்பத்திய ஆசை போய்விடும். கொஞ்சம் குறையும் என்று சொல்லிவைப்பார்கள், ஆனால் பலருக்கு அடியோடு போய்விடுகிறது. அதைவிட விசித்திரம், போனதே நமக்கு உறைக்காது. ஆசை இருந்து முடியாமல் போனால் ஏக்கமாவது இருக்கும். இதில் அந்த ஏக்கமும் இல்லை. நமக்கு உறைக்காது, கூட இருப்பவருக்கு உறைக்கும். நான் தோளில் கை போடுவதுகூட நின்றுபோயிருந்தது. ஒருநாள் அவளே கேட்டாள்: "என் மேல எதுனா கோபமாங்க?"

அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுதானா? நான் என்னென்னமோ நினைச்சு மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்" என்றாள். ஆசை வராவிட்டாலும் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அருகில் படுக்கலாம். நாங்கள் அதைத் தெரிந்தே, முடிவெடுத்து, திரும்ப ஆரம்பித்தோம். முதல் ஊசிக்கு முன்னாலேயே கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்று உறுதியாக நினைக்கிறேன். சொல்லாமல் விட்டால் சிகிச்சையின் பக்கவிளைவு குடும்பத்தில் மனஸ்தாபமாக உருவெடுக்கிறது. மனச்சோர்வும் அப்படித்தான். சின்ன விஷயத்துக்குக் கண்ணீர் வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. நோயை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று சுற்றியிருப்பவர்கள் விட்டுவிடுவார்கள். அதில் ஹார்மோன் இழப்புக்கும் பங்கு உண்டு, அதற்குத் தனியாகச் சிகிச்சையும் உண்டு.

சரி, ஊசி மட்டும் போதுமா? ஒரு காலத்தில் அது மட்டும்தான் கொடுத்தார்கள், அது பலிக்காமல் போன பிறகுதான் மற்றது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த வரிசையே மாறிவிட்டது. 2015-ல் வெளியான சார்டட் என்ற ஆய்வில், ஊசியோடு ஆரம்பத்திலேயே டோசிடாக்செல் கீமோவை ஆறு சுற்று சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 57.6 மாதம், ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 44 மாதம். நோய் அதிகமாகப் பரவியவர்களுக்குப் பலன் இன்னும் தெளிவாக இருந்தது. 2017-ல் ஊசியோடு அபிராடெரோன் மாத்திரையைச் சேர்த்தாலும் ஆயுள் நீள்கிறது என்று இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அப்புறம் என்சலூட்டமைடு, அபாலூட்டமைடு, டாரோலூட்டமைடு என்று வேறு மாத்திரைகளும் வந்தன. சிலருக்கு ஊசி, கீமோ, மாத்திரை மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். குறைந்த இடங்களில் மட்டும் பரவியிருந்தால் புராஸ்டேட்டுக்கே கதிர்வீச்சு கொடுப்பதிலும் பலன் உண்டு என்று 2018-ல் ஸ்டாம்பீட் ஆய்வு சொன்னது.

இந்த மாதக் கணக்குகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய புள்ளிவிவரங்கள் இந்த மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்து மனிதர்களுடையவை. எனக்கு நோய் வந்த புதிதில் இதை யாராவது சொல்லியிருந்தால் பல ராத்திரிகள் தூங்கியிருப்பேன்.

எனக்குக் கொடுத்தது ஊசியோடு அபிராடெரோன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து பல மடங்கு ரத்தத்தில் ஏறிவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. விரைகள் தவிர அட்ரினல் சுரப்பியும் புற்றுக்கட்டியும் சத்தமில்லாமல் டெஸ்டோஸ்டிரோன் செய்கின்றன, அதையும் இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது. அதோடு உடம்புக்குத் தேவையான கார்டிசோல் என்ற ஹார்மோனும் குறைவதால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கூடவே போட வேண்டும், அதைத் தானாக நிறுத்தவே கூடாது. ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் மூன்றையும் அடிக்கடி பார்ப்பார்கள். கால் வீங்கினால் சொல்லுங்கள்.

பிஎஸ்ஏ இறங்கியது, ஒன்றுக்கும் கீழே போனது. வீட்டில் கொண்டாட்டம். பிஎஸ்ஏ நல்ல அளவுகோல்தான், ஆனால் அது ஒன்றே அளவுகோல் அல்ல. எண் அசையாமல் இருக்க நோய் கூடுவதும் சிலருக்கு நடக்கும். சிகிச்சை ஆரம்பித்த புதிதில் எடுக்கும் எலும்பு ஸ்கேனில் புதுத் திட்டுகள் தெரிவதும் உண்டு, அவை எலும்பு ஆறுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். எனவே எண், ஸ்கேன், உடம்பு சொல்வது என மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டர் வேண்டும்.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த நோயில் எலும்புக்கு இரண்டு பக்கமும் அடி. புற்றுநோய் ஒரு பக்கம், டெஸ்டோஸ்டிரோன் இல்லாததால் வரும் எலும்புத் தேய்மானம் இன்னொரு பக்கம். அதற்காக சோலிட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடலாம், கால்சியமும் வைட்டமின் டியும் கூடவே. ஆனால் அந்த ஊசிக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஊசி போட ஆரம்பித்த பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது. எனக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதலில் எடுத்து, ஈறு முழுக்க மூடிய பிறகுதான் ஊசியை ஆரம்பித்தார்கள்.

அப்புறம் அவசரம் ஒன்று. முதுகெலும்பில் நோய் இருப்பவர் வீட்டில் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். முதுகில் புதிதாக, பட்டை கட்டியது போல ஒரு வலி. கால்களில் பலவீனம், மரமரப்பு, நடையில் தள்ளாட்டம். சிறுநீர் போக முடியாமை, மலம் கட்டுப்படாமை. இதில் எது வந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே கிளம்ப வேண்டும். எனக்கு ஒரு ராத்திரி வலது தொடையில் தொட்டால் தெரியாத மாதிரி ஆனது. மகன் உடனே வண்டியை எடுத்தான். முதுகு முழுவதும் எம்ஆர்ஐ எடுத்தார்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், மறுநாளே கதிர்வீச்சு. நடக்க முடிகிற நிலையில் வந்து சேர்ந்தவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். கால் விழுந்த பிறகு வந்தால் மீட்பது கடினம்.

வெறும் எலும்பு வலிக்கும் கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யும். பலருக்கு ஒரே ஒரு தடவை, 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) போதும். பல நாள் பிரித்துக் கொடுப்பதற்குச் சமமாகவே வலி குறைகிறது. முதல் சில நாள் வலி கொஞ்சம் கூடி, அப்புறம் இறங்கும், பயப்பட வேண்டாம். மார்ஃபின் என்றதும் "கடைசிக் கட்டமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. வலி இருக்கிறது, அதற்கு மருந்து, அவ்வளவுதான். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்து வாங்கிவிடுங்கள். வலித் தணிப்பு மருத்துவர்களை ஆரம்பத்திலேயே பார்க்கலாம், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே. என் வலியையும் தூக்கத்தையும் பயத்தையும் முழுசாகக் கேட்டவர் அந்தப் பிரிவு டாக்டர்தான்.

சில வருஷம் கழித்து, பிஎஸ்ஏ மெல்ல ஏற ஆரம்பித்தது. டெஸ்டோஸ்டிரோன் இல்லாமலேயே வளரப் புற்றுநோய் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கட்டத்திலும் ஹார்மோன் ஊசியை நிறுத்துவதில்லை. வேலை செய்யாத ஊசி எதற்கு என்று நானும் கேட்டேன். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்வதில்லை, டெஸ்டோஸ்டிரோன் திரும்பினால் மற்றவையும் வளரும் என்றார்கள். அடுத்து இருப்பவை டோசிடாக்செல் கீமோ, அதற்குப் பிறகு கபாசிடாக்செல் என்ற கீமோ, எலும்பைத் தேடிப் போகும் கதிரியக்க மருந்தான ரேடியம்-223. லுட்டீசியம்-177 பிஎஸ்எம்ஏ என்ற கதிரியக்க மருந்தும் உண்டு. அது புற்றுச் செல்லின் மேலிருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கதிர்வீசும். விஷன் என்ற ஆய்வில், மற்ற சிகிச்சைகளைத் தாண்டி வந்தவர்களுக்கு அது இடைநிலை ஆயுளை 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாக்கியது. வாய் உலர்ந்துபோவது அதன் முக்கியத் தொந்தரவு.

எனக்கு வழி வேறாகப் போனது, மரபணுப் பரிசோதனையால். பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவுக்கு, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணு ஒன்றில் பிறவியிலேயே குறை இருப்பதாக 2016-ல் வந்த ஆய்வு சொல்கிறது. எனக்குக் குறை இருப்பது பிஆர்சிஏ2 என்ற மரபணுவில். அந்தக் குறை இருப்பவர்களுக்கு ஒலாபாரிப் மாத்திரை பயன்படும், அமெரிக்காவில் 2020-ல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. இப்போது அதில்தான் இருக்கிறேன். ரத்தசோகை வருகிறது, குமட்டல் இருக்கிறது. பிஎஸ்ஏ இறங்கியிருக்கிறது.

ஆனால் அந்தப் பரிசோதனை முடிவு எனக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சினைப்பையில் புற்றுநோயும் வரும் ஆபத்தைக் கூட்டும் மரபணு அது. ஆண்களின் நோய்தானே என்று பலரும் மகள்களிடம் இதைச் சொல்வதே இல்லை. நான் மகன், மகள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் சொன்னேன். மகள் மரபணு ஆலோசகரிடம் போய்ப் பேசி, பரிசோதனையும் செய்துகொண்டாள். அவளுக்கும் இருக்கிறது. "தெரியாம இருக்கறதுக்கு இது மேல்ப்பா" என்று சொல்லிவிட்டு, மார்பக எம்ஆர்ஐக்குத் தேதி வாங்கிவிட்டாள். மகன் இன்னும் யோசிக்கிறான். அது அவன் உடம்பு, அவன் முடிவு, நான் நெருக்கவில்லை. நாற்பது வயதிலிருந்து பிஎஸ்ஏ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லி, என் பரிசோதனை அறிக்கையின் பிரதி ஒன்றை அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.